ட்வின் ரிவர்ப் வேண்டாம் கண்ணு

ஃபேர்லேண்ட்ஸ்,
சேலம் – 16.

அன்புள்ள கண்ணுவுக்கு,

பெடல் ஸ்டீல் கிதார் கைக்கு வந்துவிட்டது, வாசிக்கவும் தொடங்கிவிட்டாய் என்று படித்ததில் இருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. நம் குடும்பத்தில் கோட்டு வாத்தியம் கற்றவள் நீ ஒருத்திதான். தந்தி மேல் வழுக்கி வாசிக்கிற கையும், சுருதி பிசகினால் சுருக்கென்று குத்துகிற காதும் உனக்கு ஏற்கெனவே உண்டு. இனி ஆம்ப்ளிஃபயர்தான் பாக்கி. உன் சிநேகிதி அமெரிக்காவில் இருந்து வரும்போது பழைய ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஒன்றைக் கொண்டுவருகிறேன் என்கிறாள், சரி என்று சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. அவள் மூட்டை கட்டுவதற்குள் சொல்லிவிடு.

மட்டமான பெட்டி என்பதால் சொல்லவில்லை. ஸ்டீல் வாசிக்கிறவர்கள் பல காலமாகக் கொண்டாடுகிற பெட்டி அது. 85 வாட், 12 இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு, கணீரென்ற நாதம். ஆனால் எடை 29 கிலோ. நான் ஹவாயன் கிதார் வாசித்த நாளில் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவர சர்ச் பையன்கள் இருந்தார்கள். நீ தனியாகப் போய்வருகிறவள். உன் ஸ்டீலே அதன் பெட்டியோடு இருபது கிலோவை நெருங்கும். பெங்களூர் ரயிலில் வந்து சூரமங்கலம் ஜங்ஷனில் இறங்கி, இரண்டையும் வைத்துக்கொண்டு மேம்பாலப் படியைப் பார்த்து நிற்பதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கனத்துக்குப் பயந்து ஒரு கச்சேரியைத் தட்டிக்கழித்தால் அடுத்ததையும் தட்டிக்கழிக்கத் தோன்றும். அது நடக்கக்கூடாது.

அதற்காகக் கடையில் இருக்கும் சின்ன பிராக்டிஸ் ஆம்ப் ஒன்றை வாங்கிவிடாதே. கோட்டு வாத்தியத்துக்குப் பலாமரக் குடம் இருக்கிறது, கூடவே அதிர்ந்து ஒலிக்கத் துணைத் தந்திகள் இருக்கின்றன. பெடல் ஸ்டீலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கட்டை, கம்பி, பிக்கப், அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயர்தான் அதன் குடம். வாத்தியத்தில் பாதி அது.

நீயே சோதித்துப் பார். மூன்று, நான்கு, ஐந்தாம் தந்திகளைச் சேர்த்து மீட்டு. பிறகு ஏ, பி பெடல் இரண்டையும் அழுத்து. நான்காம் தந்தி ஸட்ஜத்தில் அசையாமல் நிற்கும். ஐந்தாவது பஞ்சமத்தில் இருந்து தைவதத்துக்கு ஏறும், மூன்றாவது அந்தர காந்தாரத்தில் இருந்து மத்யமத்துக்கு நகரும். கையால் இழுக்காமல் காலால் வருகிற இந்த நகர்வை 1954இல் வெப் பியர்ஸ் பாட்டு ஒன்றில் பட் ஐசக்ஸ் வாசித்துக் காட்டிய பிறகுதான் அமெரிக்காவில் ஆளாளுக்கு ஸ்டீலில் பெடல் மாட்டக் கிளம்பினார்கள். இப்போது வலது காலைக் கவனி. மீட்டும்போது வால்யூம் பெடலைப் பாதியில் வைத்திரு. நாதம் தேயத் தேயக் காலை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போ. சத்தம் குறையாமல், வயலினில் வில் போட்டது போல நீளும். ஸ்டீலின் உயிரே அந்தக் காலில் இருக்கிறது.

ஆனால் மீட்டுகிற அந்தக் கணத்தில் தந்தி துள்ளுகிற வேகத்தையும், கடைசியில் பெடல் முழுக்கத் திறந்திருக்கிற நேரத்தையும் ஆம்ப்ளிஃபயர் கலங்காமல் தாங்க வேண்டும். 10 டெசிபல் கூடுதலாகக் கேட்டால் பத்து மடங்கு பவர் வேண்டும். மண்டபத்தில் சராசரியாகப் பத்து வாட்தான் செலவாகும், துள்ளல் நூறு கேட்கும். அது இல்லாத பெட்டியில் மூன்று தந்திகளும் ஒன்றோடொன்று கலந்து கரகரக்கும். கிதார்காரர்கள் அந்தக் கரகரப்பை விரும்பிக் கேட்பார்கள். உன் ஸ்வரம் அதில் பாழாகிவிடும்.

அந்தக் காலத்தில் பவர் என்றால் கனம்தான். வால்வு, இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரின் ஃபெரைட் காந்தம் எல்லாமே பாரம். இப்போது கிளாஸ் டி வந்துவிட்டது. டிரான்சிஸ்டர் முழுக்கத் திறப்பதும் முழுக்க மூடுவதுமாகவே ஓடுவதால் சூடு குறைவு, பெரிய ஹீட் ஸிங்க் வேண்டாம். அதோடு எஸ்.எம்.பி.எஸ். சப்ளை சேர்ந்தால் கட்டி டிரான்ஸ்ஃபார்மரும் போய்விடுகிறது. நியோடிமியம் காந்தம் போட்ட ஸ்பீக்கர் இன்னும் இளைக்க வைக்கும். ஃபெண்டரே 2019இல் டோன் மாஸ்டர் என்ற பெயரில் அதே ட்வின் ரிவர்பைக் கிளாஸ் டி-யில் செய்தது. எடை 15 கிலோ. வால்வு 85 வாட்டுக்கு ஈடாக உள்ளே 200 வாட் வைத்திருக்கிறார்கள். இந்த வகைப் பெட்டியில் வாட் எண்ணைத் தாராளமாகவே பார்க்க வேண்டும் என்று அதில் இருந்தே தெரிகிறது.

என் விருப்பத்தைக் கேட்டால், ஹெட் தனி, ஸ்பீக்கர் தனி. கியூஎஸ்சி கம்பெனியைத் தொடங்கிய பாட் குவில்ட்டர் பிறகு தன் பெயரிலேயே செய்கிற குவில்ட்டர் ஹெட்கள் தோள்பையில் போகிற அளவு. ஸ்டீலுக்கென்றே ஸ்டீலேர் என்று ஒன்றும் செய்தார்கள். ஸ்பீக்கர் 15 இஞ்ச்தான் வேண்டும் என்று உன்னைப் பயமுறுத்துவார்கள். சி-6 சுருதிக்கு அது நியாயம், அதன் கடைசித் தந்தி 65 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். உன்னுடையது ஈ-9. கடைசித் தந்தி 123 ஹெர்ட்ஸ்தான். நல்ல 12 இஞ்ச் ஒன்று போதும். மிட் கண்ட்ரோலை நகர்த்தி வைக்கிற வசதி இருக்கிறதா பார். 800 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கொஞ்சம் குறைத்தால் ஸ்டீலின் மூக்கடைத்த குரல் தெளிந்துவிடும். பீவி நாஷ்வில் 400 ஆம்ப் வைத்திருந்தவர்கள் காலங்காலமாகச் செய்தது அதுதான்.

கரண்ட் விஷயத்தில் ஏமாந்துவிடாதே. அமெரிக்காவில் விற்கிற பழைய பெட்டி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. இங்கே 230, 50. நடுவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அந்தக் கனம் வேறு சேர்ந்துகொள்ளும். லேபிளில் 100–240 என்று இருந்தால் ஒயர் மட்டும் மாற்றினால் போதும். முகூர்த்த நாளில் மண்டபத்து வோல்டேஜ் இறங்கினாலும் அது பாடும். மைக் செட்காரர் மிக்ஸருக்குக் கொடுக்க எக்ஸ்.எல்.ஆர். லைன் அவுட்டும், பக்கத்திலேயே கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சும் இருக்கட்டும். எர்த் சரியில்லாத இடங்களில் ஹம் வந்து உயிரை வாங்கும்.

கோட்டு வாத்தியத்தையும் இதிலேயே போட வேண்டும் என்று எனக்கு ஆசை. கான்டாக்ட் மைக் பியெஸோ வகை. இன்புட் இம்பீடன்ஸ் ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் நாதம் மெலிந்து தகரம் போலாகிவிடும். நடுவில் ஒரு சின்ன ப்ரீஆம்ப் வைத்துக்கொள்.

இது நம் சங்கீதத்துக்கு ஒட்டாத வாத்தியம் என்று உன் அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறாய். பிரிஜ் பூஷண் காப்ரா கிதாரை மடியில் கிடத்தி ராகம் வாசித்தபோதும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் செய்த இசைத்தட்டை இன்னும் ஊரே கேட்கிறது. நைஜீரியாவில் கிங் சன்னி அடே தன் ஜூஜூ இசைக்குள் இதே பெடல் ஸ்டீலைக் கொண்டுவந்தார், கேட்டுப் பார். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பொங்கலுக்கு வரும்போது ஸ்டீலையும் வால்யூம் பெடலையும் கொண்டுவா. ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் அதன் பின்பக்க லேபிளைப் போட்டோ எடுத்து மாமாவின் நம்பருக்கு அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன், அதுவரை பணம் கட்டாதே.

அன்புடன்,
அத்தை