வயரை வெட்டச் சொன்னார்கள்

கேம்பர் வேனில் கேஸ் அலாரத்துக்கு இடம் அடுப்பின் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, பியூட்டேன் இரண்டு மடங்கு. கேஸ் தோம்பிலிருந்து கசிந்தால் மேலே எழாது. நாம் விரித்துப் படுக்கும் பாய்க்கு அருகே போய்த் தேங்கும். எனவே அலாரமும் கீழேதான் இருந்தாக வேண்டும். கீழே என்றால் பின்சக்கர வளைவை ஒட்டி. ஜொகூரின் பண்டார் தெங்காராவில் மழை பிடித்தால் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சேறு முதலில் வந்து அப்பும் இடமும் அதுவே.

எங்கள் வேனின் அலாரம் இரவில் கத்தத் தொடங்கியது. ரெகுலேட்டர், ரப்பர் குழாய், அடுப்பின் திருகு என்று எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை பூசிப் பார்த்தாயிற்று. ஒரு குமிழிகூட எழவில்லை. கடைவரிசையில் பட்டறை வைத்திருக்கும் தம்பி விஷயத்தைக் கேட்டதும், "அந்த வயர வெட்டி விட்டுருங்க அண்ணே, நிம்மதியா தூங்கலாம்" என்றான். கைசுத்தமான வேலைக்காரன், அவன் சொல்லை நான் தட்டுவதில்லை. கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிப் பக்கம் வேன் நிறுத்தும் நண்பர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்த வேனில் நான் நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்றால் அதற்குக் காரணமே அந்த வயர்தான்.

இரவில் கத்துகிறது என்பது பாதிதான் உண்மை. காதைக் கொடுத்துக் கேட்டால், ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் உறுமிக் கிளம்பிய மறுகணம் கத்துகிறது. பகலிலும் அதே கதைதான். ஆனால் பழக்குலை ஏற்றிய லாரிகள் போகும் இரைச்சலில் கம்ப்ரசர் கிளம்புவது யாருக்குக் கேட்கிறது? இது தெரிந்த பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பேட்டரி முனையில் 12.6 வோல்ட். அலாரத்தின் முனையில், கம்ப்ரசர் கிளம்பும் நொடியில், 11. ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது. மின்சாரம் போதவில்லை என்றாலும் இந்த அலாரம் கத்தும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

வேனை வீடாக மாற்றிக் கொடுத்தவர்கள் ஃபிரிட்ஜுக்கும் அலாரத்துக்கும் சேர்த்து ஒரே ஒற்றை வயர் இழுத்திருந்தார்கள், 1.5 சதுர மில்லிமீட்டர் கனத்தில். அந்தக் கனமுள்ள தாமிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம் தடை தரும். ஐந்து மீட்டர் ஓட்டம், கிளம்பும்போது எட்டு ஆம்பியர்: வயர் தின்றது அரை வோல்ட். மிச்சம் ஒரு வோல்ட்டுக்கு மேல் எங்கே? கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்து, சிவப்பு முனையால் வேன் உடம்பில் எர்த் பிடித்திருந்த போல்ட்டைத் தொட்டான் தம்பி. இரண்டும் மைனஸ், இடையே எதுவும் காட்டக் கூடாது, காட்டினாலும் 0.1, 0.2 வோல்ட்டோடு நிற்க வேண்டும். கம்ப்ரசர் கிளம்பியது, மீட்டர் 1.1 என்றது. போல்ட்டைக் கழற்றினால், அடியில் பெயின்ட் அப்படியே பளபளக்கிறது. தகரத்தைச் சுரண்டாமல் பெயின்ட் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். மின்சாரம் இத்தனை நாளும் மரைகளின் நுனி வழியாகத்தான் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அங்கேயும் துரு ஏறத் தொடங்கியிருந்தது.

பளிச்சென்று தகரம் தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல் வைத்த வாஷர் கொடுத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். அலாரத்துக்குத் தனி ஃபியூஸ், தனி வயர், தனி மைனஸ். கம்ப்ரசர் எத்தனை முறை கிளம்பினாலும் அது வாய் திறக்கவில்லை.

பிறகு டுரியான் பருவம் வந்தது. கூலாய்ப் பாதையோரக் கடையில் வாங்கிய பழங்களைக் கதவடைத்த வேனில் வைத்துக்கொண்டு வந்தபோது அலாரம் மறுபடி கத்தியது. மீட்டர் வைத்தால் 12.6, ஒரு குறையும் இல்லை. இந்த இரண்டாவது கத்தல்தான் என்னை வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனது.

பெட்டிக்குள் இருக்கும் உணரி, சூடாக்கப்பட்ட டின் ஆக்சைடின் படலம். 1960-களில் ஜப்பானியரான நவோயோஷி தகுச்சி உருவாக்கியது. சுத்தமான காற்றில் ஆக்சிஜன் அந்தப் படலத்தில் ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். எரியக்கூடிய வாயு எதுவாவது வந்தால் அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும், பிடி தளரும், அலாரம் அடிக்கும். கவனிக்க வேண்டியது "எதுவாவது" என்பது. அடுப்பு கேஸ் மட்டுமல்ல, சாராய ஆவி, கொசு மருந்து, வாசனைத் தெளிப்பு எல்லாமே அதற்குச் செய்திதான். கனிந்து வெடித்த டுரியானிலிருந்து கிளம்பும் ஆவிகளில் ஆல்கஹாலும் உண்டு.

அந்த ஆவிகளில் இன்னொன்றும் உண்டு: ஈத்தேன்தயோல். இயற்கையில் மணமே இல்லாத சமையல் கேஸில், கசிந்தால் தெரியட்டும் என்று தொழிற்சாலையில் கலக்கும் நாற்றமும் பெரும்பாலும் இதே பொருள்தான். நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே பலருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும். மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக நூலகத்தை 2018 ஏப்ரலில், கேஸ் கசிகிறது என்று அஞ்சி, 500-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிக் காலி செய்தார்கள். அலமாரி ஒன்றில் கிடந்த அழுகிய டுரியான்தான் காரணம். நாம் ஆசையாகப் பிளக்கும் பழமும், நம்மைக் காப்பதற்காகத் தோம்புக்குள் ஊற்றிய துர்நாற்றமும் ஒரே மூலக்கூறைப் பகிர்ந்துகொள்கின்றன என்று அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

அந்த நாற்றம் சும்மா வந்துவிடவில்லை. 1937 மார்ச் 18 அன்று டெக்சஸின் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில், மணமற்ற எரிவாயு கட்டடத்துக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் தேங்கி, வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். எரிவாயுவில் நாற்றம் கலந்தே தீர வேண்டும் என்ற சட்டம் அங்கே அதன் பிறகுதான் வந்தது. ஆனாலும் மூக்கு விழித்திருப்பவனுக்குத்தான் காவல். உறங்குகிறவனை எழுப்ப நாற்றத்தை நம்ப முடியாது. அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளித் தலை வைத்துப் படுப்பவர்களுக்குக் காதில் அறையும் ஒலிதான் வேண்டும்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். பள்ளிக்கூடக் கதையைவிட அவனை உலுக்கியது போபால். யூனியன் கார்பைடு ஆலையில் மீத்தைல் ஐசோசயனேட் இருந்த தொட்டியை 5 டிகிரிக்கு மேல் சூடேறாமல் குளிர்வித்து வைக்க வேண்டும் என்பது விதி. 11 டிகிரியைத் தாண்டினால் அலாரம் அடிக்கும். 1984-இல் செலவைச் சுருக்குகிறோம் என்று குளிர்பதன இயந்திரத்தை நிறுத்தினார்கள். போபாலின் வெப்பத்தில் தொட்டி 11-க்குக் கீழே நிற்குமா? ஓயாமல் அடிக்கும் அலாரம் யாருக்கு வேண்டும்? அதன் வேலையையும் நிறுத்திவிட்டார்கள். டிசம்பர் 2-ஆம் தேதி இரவு 610-ஆம் எண் தொட்டி கொதிக்கத் தொடங்கியபோது, கசிவைத் தொழிலாளர்கள் அறிந்தது தங்கள் கண் எரிச்சலைக் கொண்டுதான். ஊருக்கான சங்கு நள்ளிரவுக்குப் பின் ஒலித்தது. சிறு கசிவுக்கெல்லாம் மக்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்ற வழக்கப்படி சற்று நேரத்தில் அதை நிறுத்தினார்கள். மறுபடி அது ஊருக்குக் கேட்டபோது ஆலையைச் சுற்றியிருந்த குடிசைகளுக்குள் நச்சுவாயு புகுந்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

அந்த வெப்ப அலாரத்தைப் பொய் அலாரம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அது ஓயாமல் அடித்திருந்தால், "இந்தத் தொட்டி குளிர்ச்சியாக இல்லை" என்ற ஒரே உண்மையைத்தான் ஓயாமல் சொல்லியிருக்கும். எங்கள் வேனில் கத்தியதும் பொய்யில்லை. முதல் தடவை, எனக்கு மின்சாரம் வந்து சேரவில்லை என்றது. இரண்டாவது தடவை, இந்தக் காற்றில் எரியக்கூடியது ஏதோ இருக்கிறது என்றது. இரண்டுமே சரி. கேட்கிறவர்கள் கேஸ் கசிகிறதா இல்லையா என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடுவதால்தான் மற்ற பதில்களெல்லாம் பொய்யாகத் தோன்றுகின்றன.

இப்போது பட்டறைக்கு இந்த மாதிரிப் புகாரோடு வரும் வேன்களில் தம்பி முதலில் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கிறான். பிறகு பெட்டியின் முதுகில் அச்சிட்ட தேதியைப் பார்க்கிறான். உணரி காலத்துக்கும் உழைக்காது. பல கருவிகளுக்கு ஐந்தாண்டு ஆனதும் மாற்றச் சொல்கிறார்கள். இதுவரை எங்களுக்குள் ஒத்துப்போகாதது ஒன்றே ஒன்று. டுரியான் பருவத்துக்காக அலாரத்துக்கு ஒரு சுவிட்சு வைத்துத் தருகிறேன் என்கிறான் அவன். அணைக்கிற கை மறுபடி போட மறந்துவிடும் என்பது என் கட்சி. சுவிட்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழம் கூரைமேல் கூடையில் வரட்டும்.