என்ன நிறத்தில தறப்பாள் வாங்குறது?

போன ஐப்பசியில் தொண்டைமானாற்றில் நனைந்த கதையில் இருந்துதான் இது தொடங்கியது.

நாங்கள் நாலு பேர். திருநெல்வேலியில் ஒரே அறையில் இருக்கிறோம். ஒருத்தன் வரலாறு, ஒருத்தன் புவியியல், மற்ற ரெண்டு பேரும் என்ன படிக்கிறோம் என்பதை வீட்டில் இன்னும் விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு றொட்டும் மூன்று கைத்தூண்டிலும்தான் எங்கட சொத்து. பரீட்சை முடிந்தால், இல்லாட்டி பரீட்சை பிற்போடப்பட்டால் (இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும்), எங்கேயாவது தண்ணிக்கரையில் போய்க் குந்துவோம். பண்ணையில் பின்னேரங்களில் நின்று பழகி, பிறகு இரவிலும் நின்று பார்க்க ஆசை வந்தது. இரவில் சனம் போய்விடும், தண்ணி அடங்கும், கொடுவா இரை தேடிக் கரைக்கு வரும்.

அன்றைக்குக் கொடுவா வரவில்லை. பதினொரு மணிக்கு மழை வந்தது. நாலு பேருக்கு ஒரு குடை. தங்கூசியைச் சுருட்டின பாதி சுருட்டாத பாதியாகத் தூக்கிக்கொண்டு சந்நிதி கோயிலடி மடத்துக்கு ஓடினோம். கையெல்லாம் இறால் வெடுக்கு. மடத்தில் படுத்திருந்த ஒரு வயசாளி மூக்கை ஒருக்கால் சுழித்துவிட்டு, ஒன்றும் கதைக்காமல் பாயைத் தள்ளி இடம் விட்டார். முருகனும் ஒன்றும் சொல்லவில்லை. காலமை காய்ச்சலோடு அறைக்கு வந்து, இனி ஒரு கூடாரத்தோடுதான் போறது என்று முடிவெடுத்தோம்.

யூரியூப்பில் தேடத் தொடங்கின உடனே தெரிந்தது, இதற்கென்றே ஒரு உலகம் இருக்கிறது. இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கிற ஆக்கள் குளக்கரையில் இரண்டு மூன்று நாள் தங்குகிறார்கள். அவர்கள் படுக்கிற கூடாரத்துக்குப் பெயர் 'பிவ்வி'. சாதாரண ரென்ற் மாதிரி இல்லை. முன்பக்கம் முழுக்கத் திறக்கும்; கட்டிலில் படுத்தபடியே றொட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மீன் இழுத்தால் ஒரு சின்னப் பெட்டி கீச்சிடும். ஆள் செருப்பைக் கொழுவிக்கொண்டு ஓடுவார். மீனைத் தூக்கி ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணியிலேயே விடுவார். பிடிச்சதை விடுறதுக்காக ரெண்டு இரவு முழிச்சிருக்கிற மனுசரை எங்களால் முழுதாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஆனால் கூடாரம் நல்லாக இருந்தது.

வரலாற்றுக்காரன் சொல்லைத் தோண்டப் போனான். பிவ்வி என்பது 'பிவுவாக்' என்ற சொல்லின் சுருக்கமாம். படையினர் ரென்ற் இல்லாமல் வெட்டவெளியில் இரவு கழிக்கிறதுக்கான பிரெஞ்சுச் சொல் அது. அதுக்கும் பின்னால் போனால், மேலதிக இரவுக் காவல் என்ற கருத்தில் ஒரு சுவிஸ் ஜேர்மன் சொல் நிற்கிறது. அன்றைக்கு அதை ஒரு பொது அறிவுத் துணுக்காகத்தான் கேட்டோம்.

அடுத்த இரண்டு கிழமையும் நாங்கள் படித்தது துணியைப் பற்றித்தான். ஒவ்வொரு பிவ்வி விளம்பரத்திலும் 5,000 மில்லிமீற்றர், 10,000 மில்லிமீற்றர் என்று ஒரு இலக்கம் இருக்கும். ஒரு துணிக்கு மேல் குழாயை நிமிர்த்தி வைத்துத் தண்ணி நிரப்பினால், எவ்வளவு உயரம் வரை துணி கசியாமல் தாங்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. 10,000 என்றால் பத்து மீற்றர் தண்ணி. ஆனால் துணி எவ்வளவு தாங்கினாலும் தைத்த ஊசித்துளையால் ஒழுகும். அந்தத் தையலுக்கு மேலால் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேணும். இன்னொன்று, ஒற்றைத் துணிக் கூடாரத்தை இறுக்கிப் பூட்டிவிட்டுப் படுத்தால், உள்ளுக்குள்ள ஆக்களின்ர மூச்சே துணியில் பட்டுத் தண்ணியாக இறங்கும். மழை ஒழுகுது என்று கூடாரத்தைத் திட்டுவோம், ஒழுகிறது நாங்கள்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு நாங்கள் வாங்கினது ஒன்லைனில் கிடந்த ஆக மலிவான ரென்ற். அதில் அந்த இலக்கமே போட்டிருக்கவில்லை. வீட்டு மொட்டை மாடியில் ஒரு இரவு பரிசோதனை. நாலு பேருக்கு என்று எழுதியிருந்தது; நாலு பேரும் ஒரே பக்கம் சரிந்து படுத்தால் சரி, ஒருத்தன் திரும்பினால் எல்லாரும் திரும்பவேணும். கதவைப் பூட்டினால் அவிச்சல். திறந்தால் நுளம்பு. நடுச்சாமத்தில் நாலு பேரும் வெளியில் வந்து சீமெந்தில் படுத்தோம். குளிருக்குக் கட்டின சாமானை வெக்கையில் விரிச்சால் வேறென்ன நடக்கும்? ரென்ற்றைக் கீழ் அறைப் பெடியளுக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டோம்.

அந்த நேரம்தான் ஒருத்தனின்ர மாமா சித்திரைக்கு லண்டனில் இருந்து வரப்போறார் என்றும், பாவிச்ச பிவ்வி ஒன்று கொண்டுவர முடியும் என்றும் தகவல் வந்தது. பத்துக் கிலோவுக்குக் கிட்ட வரும், ஆனாலும் பரவாயில்லை என்றார். மூன்று படம் அனுப்பியிருந்தார். இரண்டு கடும் பச்சை. ஒன்று இலையும் சருகும் கலந்த மாதிரிப் புள்ளி போட்டது. நாங்கள் ஏகமனதாகப் புள்ளி போட்டதைத் தெரிவுசெய்தோம்.

ஏகமனதாக என்று எழுதினது பிழை. முல்லைத்தீவுக்காரன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்:

"மச்சான், இந்த நிறத்தோட எங்கட ஊருக்கு வரேலாது."

சித்திரை விடுமுறைக்கு அவன்ர வீட்டுக்குப் போய் நந்திக்கடலில் ஒரு இரவு நிற்கிறது என்பதுதான் எங்கட திட்டம். அவன் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அப்படி ஒரு துணியில் காற்சட்டை போட்டாலே கேள்வி வரும். அதை நந்திக்கடல் கரையில் கூடாரமாக அடித்துவிட்டு நாலு இளந்தாரிகள் இரவில் உள்ளுக்குக் கிடந்தால்? மற்ற ரெண்டும் பச்சை. அதுவும் அதே கதைதான். மாமாவுக்கு "வேண்டாம் மாமா, பாரம் கூட" என்று எழுதினோம்.

அங்கே மீனுக்கும் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் தெரியக்கூடாது என்று நிறம் தேர்கிறார்கள். எங்களுக்கோ தூரத்தில் வரும்போதே தெரியவேணும், இவங்கள் மீன் பிடிக்க வந்த பெடியள் என்று. எந்த யூரியூப் காணொளியும் எங்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. (எங்கட பட்ச்சில் எங்கள் நாலு பேரைவிடத் தூண்டிலை நல்லாக எறியக்கூடியவள் ஒருத்தி இருக்கிறாள், கடற்தொழில் செய்கிற குடும்பம். நாங்கள் எந்த நிறத்தில் வாங்கினாலும் அவள் இரவு நிற்க வரேலாது. அதையும் இங்கே எழுதிவைக்கிறோம்.)

அப்படித்தான் தறப்பாளுக்கு வந்தோம். யோசித்துப் பார்த்தால் அதுதான் எங்கட இடத்துக்குச் சரி. நாலு பக்கமும் காற்றுப் போகும், முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும், நடுவில் தையல் இல்லை, மடித்தால் பையுக்குள் போகும், பஸ்ஸில் கொண்டுபோகலாம். நுளம்புக்கு உள்ளுக்கு ஒரு வலை. அட்டன்காரன் உடனே ஓம் என்றான். அவன்ர லயத்துக் கூரையில் தகரத்துக்கு மேலால் எப்பவும் ஒரு தறப்பாள் கிடக்குமாம். முல்லைத்தீவுக்காரன் மட்டும், "வீட்டில ஒண்டு கிடக்கு, பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினான்.

வீட்டில் கிடந்தது விறகுக்கு மேல் போட்டிருந்த வெள்ளைத் தறப்பாள். நீல எழுத்து மங்கிப்போய், கூர்ந்து பார்த்தால் யூ.என்.எச்.சி.ஆர். என்று வாசிக்கலாம். 2009இல் அவனுக்கு ஆறு வயது. மெனிக் பாமில் மூன்று மழைக்காலம் அதுக்குள்ள இருந்தார்கள். பிறகு சொந்தக் காணிக்கு வந்தும், இந்திய வீட்டுத் திட்டம் கிடைக்கிற வரைக்கும் அதே தறப்பாள்தான். இதெல்லாம் எங்களுக்கு அதுவரைக்கும் தெரியாது. மூன்று வருசம் ஒரே அறையில் படுத்தெழும்புகிறோம்.

அவன் அதை உருவப் போக, அம்மா குசினிக்குள் இருந்து வந்தா.

"வீடு கட்டியாச்சு, கூரை கிடக்கு. பிறகு என்னத்துக்கு ராசா தறப்பாளுக்கை போய்ப் படுக்கிறியள்?"

மீன் பிடிக்க என்று சொன்னோம். சொல்லும்போதே எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

"மீன் வேணுமெண்டா அப்பா கொண்டுவருவார்தானே."

அதுக்குப் பதில் இல்லை. தறப்பாளைத் திரும்ப விறகுக்கு மேல் போட்டோம்.

பின்னேரம் முற்றத்தில் நெல்லுக் காயப்போடுகிற படங்கை எடுத்து, இரண்டு மரத்துக்கு நடுவில் கயிறு இழுத்துக் கட்டிப் பழகினோம். அம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு கட்டத்துக்கு மேல் அவவால் தாங்க முடியவில்லை.

"அப்பிடிக் கட்டினா நடுவில தண்ணி தேங்கும். ஒரு பக்கத்தைப் பதிச்சுக் கட்டுங்கோ. காத்து வாற பக்கம் பதிவா இருக்கவேணும்."

இறங்கி வந்து தானே அவிழ்த்துக் கட்டினா. ஓட்டை கிழிந்த மூலையில் ஒரு சின்னக் கல்லை வைத்துத் துணியால் மூடி, அதின்ர கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்கினால் பிறகு கிழியாது. கயிறு வழியாக மழைத்தண்ணி உள்ளுக்கு ஓடிவரும். அதை மறிக்க, கயிற்றின்ர நடுவில் ஒரு துணித்துண்டை முடிந்து தொங்கவிட்டால் தண்ணி அந்த வழியால் சொட்டிவிடும். மணலில் முளை நிற்காது. உரப்பையில் மணல் நிரப்பி அதில் கயிற்றைக் கட்டிக் குறுக்காகத் தாழ்க்கவேணும். சுற்றிவரக் கான் வெட்டவேணும். இரண்டு கிழமை இணையத்தில் தேடியும் எங்களுக்குக் கிடைக்காததெல்லாம் பத்து நிமிசத்தில் வந்தது. நாலாவது மூலைக்கு வரும்போது கை நின்றது. "காணும், மிச்சத்தை நீங்கள் கட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளுக்குப் போய்விட்டா. படலைக்கு வெளியில் போகும்போதுதான் குரல் வந்தது: "வாங்கிறதெண்டா புதுசா வாங்குங்கோ. வெள்ளை மட்டும் வேண்டாம்."

கடையில் வெள்ளை, பச்சை, நீலம், செம்மஞ்சள் இருந்தன. வெள்ளை அம்மாவுக்கு வேண்டாம். பச்சை ஊருக்கு வேண்டாம். நீலத்தைக் கையில் எடுத்தோம். "முகாமில நீலமும் கிடந்தது" என்றான் அவன். 12 அடிக்கு 15 அடி, செம்மஞ்சள். கடைக்காரர் கலியாண வீடோ என்று கேட்டார்.

அப்பா தொழிலுக்குப் போகிற ஆள், கூடக் கதைக்கமாட்டார். வள்ளம் தாங்கிற கம்பு இரண்டைத் தந்தார். எங்கே கட்டலாம் என்று கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். கான் வெட்டுறது பற்றிக் கேட்டதுக்கு, "இந்த வள்ளம் இழுக்கிற பாதைக்குள்ள மட்டும் வெட்டுங்கோ. அங்கால மண்ணைக் கிண்டாதேங்கோ" என்றார். முல்லைத்தீவில் வெடிபொருள் அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை. ஒரு உரப்பையைத் தாழ்க்கிறதுக்கும் இடம் கேட்டுத்தான் தாழ்க்கவேணும். அதைவிட அவர் சொன்னது ஒன்றுதான்: மின்னல் வெட்டினால் றொட்டைக் கையில் வைத்திருக்கக்கூடாது, கீழே போட்டுவிட வேணும். எங்கட றொட் காபனில் செய்தது, மின்சாரம் பாயும்.

இரவு எட்டு மணிக்குள் நாலு கிளக்கனும் ஒரு கெளிறும். கெளிற்றின்ர முள்ளுக்குப் பயந்து அதைக் கழற்றவே பத்து நிமிசம். ஒன்பது மணிபோல் றோட்டுப் பக்கத்தால் ரோச் வெளிச்சம் வந்தது. எங்களுக்கு முதல் தறப்பாளில்தான் பட்டது. இரண்டு பேர். அட்டன்காரன் சிங்களத்தில் கதைத்தான். அடையாள அட்டை பார்த்தார்கள், வாளியையும் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தர், எங்கட வயதுதான் இருக்கும், கெளிற்றைப் பார்த்துச் சிரித்தார். போய்விட்டார்கள்.

பத்தரைக்கு மழை. சித்திரை மழை, இடியோடு. றொட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளுக்குப் பூந்தோம். ஒரு சொட்டு உள்ளுக்கு வரவில்லை. கயிற்றில் கட்டின துணித்துண்டில் தண்ணி சொட்டுச் சொட்டாக இறங்கிறதை ரோச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் தறப்பாளில் மழை விழுகிற சத்தம் இருக்கே, பக்கத்தில் இருக்கிறவன் கத்தினாலும் கேட்காது. வாசல் ஓரத்தில் இருந்த முல்லைத்தீவுக்காரன் என்னமோ சொன்னான். மழை விட்ட பிறகு என்னடா சொன்னாய் என்று கேட்டோம்.

"இந்தச் சத்தம்தான் எனக்கு ஞாபகம் இருக்கு. அம்மா அழுதிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது எண்டு சொன்னன்."

அவன் வெளியில் போய் ஈர மணலில் இருந்தான். கொஞ்ச நேரத்தால் நாங்களும் போய் இருந்தோம். ஒருத்தரும் தூண்டில் போடவில்லை. மழைக்குப் பிறகு நுளம்பு பெருகி, விடியுமட்டும் அடித்துக்கொண்டே இருந்தோம்.

காலமை வீட்டுக்குப் போனால், அம்மா மீன் வாளியைப் பார்க்கவேயில்லை.

"ஒழுகினதோ?"

இல்லை என்றோம். அவ தறப்பாளை வாங்கி வேலியில் காயப்போட்டா. கிளக்கனைப் பொரித்தா, கெளிற்றைக் குழம்பு வைத்தா. வெளிக்கிடும்போது தறப்பாள் எட்டாக மடித்து, கயிறு தனிச் சுருளாக, கல்லுகள் நாலும் ஒரு சின்னப் பையில் என்று கட்டிக்கிடந்தது.

இப்போது அது எங்கட கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. வாற மாதம் மன்னார்ப் பக்கம் போக யோசனை. எங்கட வலை கண் பெரிசு, நுளம்பு நுழையுது. சின்னக் கண் வலை எங்கே வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.