ஒரு சிபியு, இரண்டு நாற்காலி

சென்னை பேசின் பிரிட்ஜ் சுற்றுவட்டார ஹவுசிங் போர்டு வீடுகளில் கம்ப்யூட்டருக்குக் காசு சேரும் முன்பே அதை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்துவிடும். கட்டில், பீரோ, டேபிள் மூன்றில் ஒன்றுதான் ஜன்னலோரம் நிற்கும். இரண்டாவது கம்ப்யூட்டருக்கு இடமில்லை. சண்டைக்கு மட்டும் உண்டு.

"ஏந்திர்டா, எனக்கு வேல கீது."

"பத்தே நிமிசம்க்கா."

"அப்பவும் இதையேதான சொன்ன?"

அக்காவுக்கு டேலி கணக்கு மென்பொருளில் பில் ஏற்ற வேண்டும். தம்பிக்குக் காலேஜ் ப்ராஜெக்ட். இரண்டு பேர் செய்வதும் அந்தப் பெட்டிக்கு ஒரு வேலையே இல்லை. சிஸ்டம் மானிட்டரைத் திறந்து பாருங்கள், ஒருவர் டைப் செய்யும்போது பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. பற்றாக்குறை கம்ப்யூட்டரில் இல்லை, கீபோர்டில்.

*

எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். டேபிளுக்கு அடியில் ஆபீஸ் ஒன்று கழித்த பழைய சிபியு. மேலே இரண்டு மானிட்டர், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி. தம்பி நாற்காலியில், அக்கா கட்டில் விளிம்பில். இரண்டாவது மானிட்டரும் ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. கட்டில் பக்கம் ஒரு யுஎஸ்பி ஹப், அதன் வயரில் சிவப்பு இன்சுலேஷன் டேப். அந்த ஹப்பில் எதைச் செருகினாலும் அது அக்காவுடையது. பென்டிரைவ், ஹெட்போன் எல்லாம். தம்பியின் திரைக்கு அதில் பங்கில்லை.

மந்திரம் ஒன்றுமில்லை. லினக்ஸில் 'லாகின்சிடிஎல்' என்ற கட்டளை இருக்கிறது. இந்தக் கார்டு, இந்த ஹப் இரண்டும் 'சீட் 1' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், இரண்டாவது திரையில் தனி லாகின் பக்கம் வந்து நிற்கும். பிடிக்கவில்லையென்றால் ஒரே வரியில் பழையபடி ஆக்கிவிடலாம். 2012-இல் வந்த ஃபெடோரா 17, இதற்கென்று வடிவமைத்த சில யுஎஸ்பி டாக்குகளைச் செருகியதுமே தானாக இரண்டாவது இருக்கையைத் திறந்தது. அதைப் பற்றி நம் கடைக்காரர்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு சிபியு விற்கும் இடத்தில் இரண்டு விற்கலாமே!

*

இது புதிய யோசனை என்று நினைக்க வேண்டாம். 1961 நவம்பரில் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கார்படோ குழு ஒரே ஐபிஎம் இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியும் என்று செய்துகாட்டியது. கம்ப்யூட்டர் ஒரு அறையை அடைத்துக்கொண்ட காலத்தில் பகிர்வதுதான் இயல்பு. 1980களின் நடுவில் டெல்லியில் ரயில் முன்பதிவு கணினிக்கு மாறியபோதும், கவுன்டரில் இருந்தது திரையும் கீபோர்டும்தான். கம்ப்யூட்டர் வேறு அறையில் இருந்தது.

ஒரே இயந்திரம் பலருக்கு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் இங்கே விளக்குவது எளிது. சென்ட்ரலுக்குள் நுழையும் முன் பேசின் பிரிட்ஜில் நிற்காத ரயில் உண்டா? கும்மிடிப்பூண்டிப் பக்கத்து வண்டியை நிறுத்தி அரக்கோணம் பக்கத்து வண்டியை விடுவார்கள், அப்புறம் அதை. பிராசஸரும் அதையே நொடிக்குப் பல நூறு முறை செய்கிறது. இப்போதெல்லாம் நாலு கோர் இருப்பதால் நாலு தண்டவாளம் வேறு. பயணிக்கு வரும் கடுப்பு மட்டும் பயனருக்கு வருவதில்லை.

*

விண்டோஸில்? 2001-இல் எக்ஸ்பி வந்ததிலிருந்து இரண்டு பேர் லாகின் செய்து வைக்கலாம், ஆனால் ஒருவர் உட்கார மற்றவர் எழுந்தாக வேண்டும். வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால் உள்ளே இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். இயந்திரத்தால் முடியாததால் அல்ல. சர்வர் பதிப்பில் இதே விண்டோஸ் பலரை உட்கார வைக்கிறது. டெஸ்க்டாப் பதிப்பின் லைசென்ஸ் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். 'ஆஸ்டர்' போன்ற தனி மென்பொருள்கள் வழி செய்கின்றன, காசு கொடுத்து. அக்காவின் டேலி விண்டோஸில் ஓடுவது என்பதால் அந்த வீட்டிலும் லினக்ஸுக்குள் விண்டோஸ் மென்பொருளை ஓட்டும் 'ஒயின்' வைத்துச் சமாளிக்கிறார்கள். எல்லா நேரமும் சொன்னபடி கேட்பதில்லை.

*

மவுஸ் யார் கையில் என்பது சின்ன விஷயமல்ல. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவினர் கிராமப் பள்ளிகளில் பார்த்தது இதுதான்: ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றிப் பல பிள்ளைகள், மவுஸ் மட்டும் ஒரே பிள்ளையிடம். ஆளுக்கொரு மவுஸ், திரையில் ஆளுக்கொரு நிறத்தில் அம்பு என்று மாற்றிப் பார்த்து 2006-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். வீட்டில் அந்த ஒரே பிள்ளை யார் என்று சொல்லவும் வேண்டுமா? பெரும்பாலும் தம்பிதான். அக்காவுக்கு இரவு பதினொன்றுக்கு மேல்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியபோது இப்பக்கத்துப் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். பெண்ணின் பெயரில் வந்த லேப்டாப்பும் வீட்டுக்குள் வந்ததும் பொதுச் சொத்தாகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். தனக்கென்று ஒரு கீபோர்டு, தன் பாஸ்வேர்டு என்பது இந்த இரண்டு நாற்காலி ஏற்பாட்டில்தான் கிடைக்கிறது. மிச்சமாகும் காசைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

*

குறைகள்: கரன்ட் போனால் இரண்டு பேர் வேலையும் போச்சு, அதனால் யுபிஎஸ் கட்டாயம். ரீஸ்டார்ட் செய்ய இருவர் சம்மதமும் வேண்டும். கேம் ஆடுபவர் இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

முயல்பவர்களுக்கு ஒன்று. பல போர்டுகளில் கார்டைச் செருகியதும் உள்ளேயிருக்கும் கிராஃபிக்ஸ் அணைந்துவிடும். பயாஸில் அதை மீண்டும் இயக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பஸ் ஏறுங்கள்.