துறைமுகத்தின் கடைமடை

ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போகும் என் கல்லூரி நண்பர்கள் எல்லோரும் முதல் மாதமே ஒரு படம் போட்டுவிடுவார்கள். சிட்னி துறைமுகம், பாய்மரப் படகு, பின்னால் ஓபரா ஹவுஸ். சிட்னிக்கும் மும்பைக்கும் திருகோணமலைக்கும் நிலமே வளைந்துகொடுத்துத் துறைமுகம் ஆகியிருக்கிறது. சென்னைக் கரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. கப்பல் ஒதுங்க ஒரு மடிப்பு கிடையாது. இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்க, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையில் ஆடி ஆடி ஆளையும் மூட்டையையும் கரை சேர்த்தன. ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் கடலுக்குப் போகவில்லை. ஆபீஸ் நண்பன் ஒருவன் பாய்மரப் படகு ஓட்டுவான். மார்ச் மாதத்து சனிக்கிழமை ஒன்றில், "ரெண்டு மணி நேரம் ஒரு ரவுண்டு போலாம், வர்றியா?" என்றான். அப்பா அப்போது கீழ்பென்னாத்தூரிலிருந்து கண் செக்கப்புக்காக வந்திருந்தார். அவரிடம் நிலத்தை விற்பது பற்றிப் பேச வேண்டியிருந்தது. வீட்டில் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். படகிலிருந்து எங்கே போவார் என்று அவரையும் கூட்டிக்கொண்டேன்.

நிலம் ஒன்றரை ஏக்கர். ஏரிப் பாசனத்தில் கடைமடை. மேலே ஒருவர் வாய்க்காலைத் தூர்த்து மனை போட்டதிலிருந்து ஏரி நிரம்பினாலும் எங்களுக்குத் தண்ணீர் வருவதில்லை. மழையை நம்பி மல்லாட்டை போடுகிறோம், அவ்வளவுதான்.

துறைமுக வாசலில் ஆதாரைக் காட்டி உள்ளே போனோம். அங்கே இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் ஆரம்பித்தது. ஆரம்பித்தவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங், துறைமுகத்தையே திருத்திக் கட்டிய எஞ்சினியர். கப்பல்களின் வயிற்றை ஒட்டி மோட்டாரில் மெதுவாக வெளியே வந்தோம். துருவும் டீசலும் கலந்த வாசனை. இடது பக்கம் காசிமேட்டு விசைப்படகுகள் நெருக்கியடித்து நின்றன. வெளிச்சுவரைத் தாண்டியதும் நண்பன் மோட்டாரை அணைத்துவிட்டுப் பாயை ஏற்றினான். படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் நான்தான் அவர் கையைப் பிடித்திருக்கிறேன், அவர் பிடித்து ஞாபகம் இல்லை.

காற்று தென்கிழக்கிலிருந்து அடித்தது. மெரினா தெற்கே இருக்கிறது. காற்றுக்கு நேர் எதிராகப் பாய்மரப் படகு போகாது. கொஞ்ச தூரம் கடல் பக்கம் சாய்ந்து ஓடி, திரும்பிக் கரைப் பக்கம் ஓடி, இப்படிக் கோணல்மாணலாகத்தான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் சடசடவென்று மறுபக்கம் போகும், நாங்கள் குனிந்து இடம் மாறி உட்கார வேண்டும். மூன்றாவது திருப்பத்தில் அப்பா நண்பன் சொல்வதற்கு முன்பே குனிந்தார்.

கடலிலிருந்து பார்த்தால்தான் மெரினாவின் அகலம் உறைக்கிறது. கலங்கரை விளக்கமும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் மணலுக்குப் பின்னால் எங்கேயோ நிற்கின்றன. "இம்மாம் மணலு எங்கருந்துடா வந்துது?" என்றார் அப்பா.

நண்பன் சொன்னான். சென்னைக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது. வருஷத்தில் பல மாதம் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றில் கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். மீனவர்கள் வடக்கே ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி, தெற்கே ஓடுவதற்கு வன்னி என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 1870களில் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். 1881 நவம்பர் புயல் அதைப் பிய்த்துப்போட்டது. மறுபடி கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் சுவரின் தெற்குப் பக்கம் தேங்கியது. கோட்டைக்குப் பக்கத்திலேயே இருந்த கடல் விலகிப்போனது, மெரினா அகலமானது. கிழக்கு பார்த்திருந்த துறைமுக வாசலிலும் மணல் சேர்ந்ததால், ஸ்பிரிங் காலத்தில் அதை அடைத்து வடகிழக்கில் புதிய வாசல் வைத்தார்கள்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்போ வடக்க?" என்றார்.

நண்பன் படகைத் திருப்பினான். இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. பாய் புடைத்துக்கொள்ள, இரைச்சலே இல்லாமல் ஓடியது. துறைமுக வாசலைத் தாண்டி, காசிமேட்டுக்கும் மேலே கொஞ்ச தூரம் போனோம். திருவொற்றியூர் வரை கரை ஓரமாக ஒரே கருப்பு. மணல் வராத கரையைக் கடல் அரித்துத் தின்ன, சாலையைக் காப்பாற்றக் கொட்டிய பாறைகள். இடையிடையே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள். பீச் என்றால் சென்னைக்காரர்களுக்கு மெரினாவும் பெசன்ட் நகரும்தான். வடசென்னைக்கும் பீச் இருந்தது என்பதை நானே இங்கே பத்து வருஷம் குடியிருந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"மேல அடைச்சா கீழ காயும். இதுக்கு எஞ்சினியர் படிப்பு வேணுமா?" என்றார் அப்பா. படகில் இரண்டு எஞ்சினியர்கள் இருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை.

நான் போனில் கூகுள் எர்த்தைத் திறந்து பழைய வருஷங்களின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண்ணூர் வரை விரலால் தடவிக்கொண்டே போனார். அங்கே 2001இல் திறந்த காமராஜர் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டிருந்தன. "இங்கயுமா?" என்றார்.

விற்பது பற்றி நான் பேச்செடுத்தது, படகு உள்ளே வந்து பாயை இறக்கிய பிறகுதான். விலை நல்ல விலை, தங்கைக்கும் சம்மதம், இந்த வயதில் எதற்கு அலைச்சல் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். எழுந்து போக வழியில்லாமல் முழுதும் கேட்டார்.

"இந்தக் கரையில இருந்தவங்க யார்கிட்டடா போய்க் கேட்டிருப்பாங்க? செவுரு கடலுக்குள்ள. இது என் மணலுன்னு சர்வே நம்பர் காட்ட முடியுமா?" என்றார். பிறகு என் போனைச் சுட்டினார். "இதுல நம்ம ஊரு பழைய படம் வருமா? மனை போடறதுக்கு முந்தினது."

வந்தது. ஏரிக்கரையிலிருந்து கிளம்பி எங்கள் வரப்பு வரை ஒரு மெல்லிய பச்சைக் கோடு. அடுத்தடுத்த வருஷங்களில் அது பாதியில் நின்றது, பிறகு காணோம்.

அதை இரண்டு வருஷத்துக்கும் தேதியோடு கலரில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். திங்கட்கிழமை திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏற்றிவிட்டேன். பிரிண்ட் மடங்கிவிடக் கூடாதென்று கண் ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் வைத்து மடியிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.