பிடித்துப் பார்க்கலாமா?

செம்பூர் டயமண்ட் கார்டன் பக்கம் ஒரு காபிக்கடை. வெள்ளி இரவுகளில் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு ஒரு மைக்கும் உயரமான ஸ்டூலும் போடுவார்கள். பெயர் கொடுத்தவருக்கு ஆறு நிமிடம். கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு மேடையேறுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். பெரும்பாலும் இந்திப் பாட்டு.

அந்தப் பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயதிருக்கும். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை என்று மைக்கில் அவனே சொன்னான். சொந்த கிட்டார் கிடையாது. கடையில் பொதுவுக்குக் கிடந்த பழைய கிவ்சனை எடுத்துக்கொண்டான். கொல்கத்தா கிட்டார்; எத்தனையோ பேருக்கு முதல் கிட்டார் அதுதான். கம்பிகள் ஃப்ரெட்டை விட்டு எழும்பி நின்றன. முன்னால் வாசித்த பெண் ‘எஃப்’ கார்டு பிடிபடாமல் விரலை உதறியபடி இறங்கியிருந்தாள். இவன் விரல் நுனிகளோ ஊசியும் மெழுகு நூலும் இழுத்துக் காய்த்துப் போனவை. அழுத்தினான், ஒவ்வொரு கம்பியும் சுத்தமாகப் பேசியது.

‘இளைய நிலா’. 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டு. அடுத்த வருடமே கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இசையில் ‘கலாகார்’ படத்துக்குப் போய் ‘நீலே நீலே அம்பர் பர்’ ஆகிவிட்டது. கூட்டம் உடனே கிஷோர் குமாரைப் பாட ஆரம்பித்தது. பையன் தமிழில் பாடினான். குரலை உயர்த்தவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. கடைசி மேசையில் ஒரு மாமி மட்டும் அவனோடு சேர்ந்துகொண்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இறங்கியவன் உட்காரவில்லை. கிட்டார் கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் போய் நின்றான். எனக்கு அடுத்த மேசையில் மாட்டுங்காக்காரர் ஒருவர்.

“அண்ணே, ஒரு நிமிசம் புடிச்சுப் பாக்கலாமா?”

“தாராளமா பாருப்பா. யமஹா எஃப் 310.”

உடனே வாசிக்கவில்லை. ஒரு கண்ணை மூடி, நெக் வளைந்திருக்கிறதா என்று நீளவாக்கில் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்துப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் நுழைத்தான். தோலின் கனத்தை விரலாலேயே சொல்லுகிற தொழில்.

“ரெண்டு மில்லி சொச்சம்தான் இருக்கு. அங்க கிடக்கறது நாலுண்ணே. சாலிட் டாப்பா வாங்குன்னு எல்லாரும் சொல்லுதாங்க.”

“சத்தம் நல்லாத்தான் இருக்கும். வீட்ல எங்க வைப்ப?”

“மாடி ரூம்ல. கீழ அடுப்பு.”

“அப்ப வேணாம். மும்பை மழைக்கு ஒத்தைப் பலகை ஊதிக்கும், கம்பி மேல ஏறிடும். இது ஒட்டுப்பலகை. தாங்கும்.”

விலையைக் கேட்டு யோசனை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. வீட்டைக் கேட்டுச் சொன்ன இந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

தோபி தலாவில் ஃபர்ட்டாடோஸ் இருக்கிறது. 1865-இல் தொடங்கிய கடை. அங்கே போகச் சொன்னார்.

“ஒரே மாடல்ல நாலஞ்சு எடுத்து வாசிச்சுப் பாரு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அந்தத் தோல் துண்டையும் மறக்காம எடுத்துட்டுப் போ. நல்ல பையும் ஒண்ணு சேர்த்து வாங்கிடு.”

“பை வேண்டாம்ணே, அத நானே தச்சுக்கிடுவேன்” என்றவன் பாக்கெட்டிலிருந்து டேப்பை உருவினான். “இதுல அளவு மட்டும் எடுத்துக்கிடட்டா?”