பெட்டி எழுத்து

எங்கள் லயத்து வீட்டில் அலுமாரி கிடையாது. தாத்தா கொண்டுவந்த பழைய தேயிலைப் பெட்டிதான். பிளைவுட் பலகை, ஓரமெல்லாம் தகரப் பட்டி. நான் முதன்முதலாகப் பார்த்த ஆங்கில எழுத்து அதன் மேல்தான் இருந்தது: பி, ஓ, பி, எஃப். தேயிலைத் தரத்தின் பேர். அந்த 'ஓ' நடுவில் உடைந்து இரண்டு பிறைகளாக நிற்கும். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே எழுதி அடி வாங்கினேன்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில் பெட்டிகளுக்கு மார்க் போடுவது தாத்தாவின் வேலை. வெட்டிய தகட்டைப் பலகையில் வைத்து, கறுப்பு மையைத் தட்டுவார். தோட்டப் பேர், தரம், எடை. ஒருநாளைக்கு எத்தனை பெட்டியோ! ஆனால் சம்பளத்துக்குக் கைநாட்டு. அவர் போட்ட எழுத்தை வாசித்தவர்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

அந்த மாதிரி எழுத்துக்கு 'ஸ்லாப் செரிஃப்' என்று பேர் இருப்பது பிறகுதான் தெரிந்தது. எழுத்தின் நுனியில் வருகிற சின்னப் பாதம்தான் செரிஃப். புத்தக எழுத்தில் அது மெலிந்திருக்கும். ஸ்லாபில் பாதமும் செங்கல் மாதிரித் தடிப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் விளம்பர நோட்டீஸ்களுக்காகப் பரவியது. தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டுமே. 1845இல் 'கிளாரெண்டன்' வந்தது, 1934இல் 'ராக்வெல்'. 1939இல் ஷெஃபீல்டின் ஸ்டீஃபன்சன் பிளேக் அச்செழுத்து நிறுவனம் ஒரு ஸ்டென்சில் எழுத்தை வெளியிட்டது. அதன் பெயரே 'டீ செஸ்ட்', அதாவது தேயிலைப் பெட்டி! இதை வாசித்தபோது சந்தோஷமா கோபமா என்றே தெரியவில்லை.

2024இல் நாட்சம்பளம் 1700 ரூபாய் கேட்ட நேரம், தோழர்களோடு சேர்ந்து நானும் பதாகை செய்தேன். கம்ப்யூட்டரில் 1700ஐ ராக்வெல் போல்டில் போட்டதும் கல்லுத் தூண் மாதிரி நின்றது. பக்கத்தில் தமிழ் நோஞ்சானாகத் தெரிந்தது. தடித்த தமிழ் எழுத்துரு இல்லாமலில்லை. 'பலூ தம்பி' இருக்கிறது. ஆனால் அது உருண்டையாகச் சிரிக்கிற முகம், கல்யாண வீட்டுக்குச் சரி. சம்பளம் கேட்கிற இடத்தில் சிரிக்க முடியுமா?

கடைசியில் அட்டையில் நாங்களே வெட்டினோம். 'ட', 'ப' இரண்டும் சுலபம். அவற்றின் அடிக்கோடே ஒரு ஸ்லாப்தான், கொஞ்சம் தடிப்பாக்கினால் போதும். புள்ளி வெறும் ஓட்டை. 'ள'தான் படுத்திவிட்டது. வெட்டியதும் சுழியின் நடுத்துண்டு கழன்று கீழே விழுந்தது. மை தட்டினால் கறுப்பு உருண்டை. விழாமலிருக்க இரண்டு பக்கமும் சின்னப் பாலம் விட வேண்டும். பெட்டியின் 'ஓ' ஏன் உடைந்திருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

ராத்திரி பத்து மணிக்கு ஒரு 'சம்பளம்' சரியாக வந்தது. அம்மா வந்து பார்த்தார். "அந்த 'ள' ஏன்டா உடஞ்சி கெடக்கு?" என்று கேட்டுவிட்டு, காய்வதற்காக அதைப் பெட்டிமேல் சாய்த்து வைத்தார்.