மக்கோவன் வீட்டில் அம்மா

இரவு வேலை முடிந்து, விடியப்புறம் மக்கோவன் பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டு வருகிற ஆட்கள் நாங்கள். மக்கோவன் என்பது ஒரு குடும்பத்தின் பெயர் என்று பத்து வருடமாக எங்களுக்குத் தெரியாது. ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் எழுதுகிறோம்.

பிறிம்லி வீதியில், லோறன்ஸுக்குச் சற்று வடக்கே, தொம்சன் நினைவுப் பூங்கா இருக்கிறது. கோடையில் ஒன்றுகூடலுக்குப் போய்க் கோழி வாட்டுகிறோமே, அதேதான். அதற்குள்ளே 1830களில் கட்டிய மக்கோவன் மரக்குற்றி வீடும், 1858இல் கட்டிய கோர்னெல் வீடும் நிற்கின்றன. இரண்டும் வேறு இடங்களில் இருந்தவை. ஊர்ச்சனங்கள் சிலர் 1956இல் ஸ்காபரோ வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1962இல் கோர்னெல் வீடு பூங்காவுக்கு வந்தது, 1974இல் மரக்குற்றி வீடு. வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! இப்போது நகரசபை நடத்துகிறது. உள்ளே போகக் காசில்லை. திறந்திருக்கும் நாளை மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

மக்கோவன் குடும்பம் ஸ்கொட்லாந்தில் தொழில் நொடித்துப்போய், 1833இல் கப்பலேறி வந்தது. ராசாவும் இல்லை, பிரபுவும் இல்லை. அவர்களுக்கு முன்பும் இந்த மண்ணில் பூர்வீகக் குடிகள் வாழ்ந்திருக்கிறார்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

போன கோடையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டேன் என்று நின்றவர். மரக்குற்றி வீட்டுக்குள் அடுப்படியைக் கண்டதும் ஆள் மாறிவிட்டார். வெண்ணெய் கடையும் மரச்சாடியைத் தொட்டு, "மத்து இருக்குது, கயித்தைக் காணேல்லையே" என்றார். இங்கே மேலும் கீழும் இடித்துத்தான் கடைவார்களாம். காட்டிக்கொண்டு நின்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு, கயிறு இழுத்துக் கடைவதை அம்மா கையாலேயே காட்டினார். பாஷை தேவைப்படவில்லை.

அப்போது மகன் கேட்டான்: "அப்பம்மா, எங்கட வீட்டையும் இப்பிடி வைச்சிருக்கினமோ?"

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990இல் விட்டு ஓடியபோது நாங்கள் கைக்குழந்தைகள். எங்களுக்கு ஒன்றும் நினைவில்லை. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். 2016இல் காணி விட்டதும் சித்தப்பா போய்ப் பார்த்தார். கிணறு மட்டும் நின்றதாம். வீடு இருந்த இடத்தில் பற்றை. பெயர்த்துக்கொண்டு வர ஒரு கல்லும் இல்லை.

அம்மா பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு நாங்கள் வேலைக்கு வெளிக்கிடும்போது, சம்பளத் துண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் கீறிக்கொண்டிருந்தார். விறாந்தை, சாமியறை, தள்ளி நின்ற குசினி, கிணற்றடிக்குப் போகும் வழி. மகன் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். நெல்லுப்பெட்டி வைத்த அறைக்குக் கதவு எந்தப் பக்கம் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் விடிந்திருக்கும் என்று சொல்லிப் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தார். நாங்கள் பஸ்ஸுக்கு ஓடும்போதும் இருவரும் அந்தக் கதவைப் பற்றித்தான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.